கடைசித் துண்டு

உங்கள் காவல் நிலையத்துப் பன்னில் ஏலக்காயை மாவாக அரைத்துப் போட்டிருக்கிறார்கள். அது தவறு. ஏலக்காயை உரலில் இடித்து, பல்லில் அகப்படும்படி கரகரப்பாக விட வேண்டும். அப்போதுதான் மென்று முடித்த பிறகும் வாசனை வாயில் நிற்கும். காபி பரவாயில்லை. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஒரு தட்டு நிறைய வாங்கி வந்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள், அதுவே பெரிய மரியாதை. காபி ஆலையில் ருசி பார்ப்பவனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நாக்கு சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை முதல் திங்கட்கிழமை வரை நடந்ததைக் கேட்கிறீர்கள். வரிசையாகவே சொல்கிறேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் நானே தொலைபேசியில் உங்களைக் கூப்பிட்டிருப்பேனா?

எங்கள் வீட்டில் வார இறுதி வெள்ளிக்கிழமை மதியமே தொடங்கிவிடும். வெள்ளிக்கு இறால். தோலோடு வாங்கி மேசை நடுவில் குவித்துவிட்டு, நானும் என் மனைவி இங்கெலாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பேசாமல் உரித்து உரித்துத் தின்போம். சனிக்கிழமை மீன் சந்தைக் கூடத்தில் சூப். பிறகு டிராம் ஏறி ஹாகா பகுதிக்குப் போய்க் காபியும் பன்னும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நீளும் காலை உணவு, மாலையில் இறைச்சி உருண்டையும், லிங்கன் என்கிற புளிப்புக் காட்டுப்பழத்தின் ஜாமும். எதற்கும் அவசரம் கிடையாது. மழை பெய்தாலும் இதுதான், பனி பெய்தாலும் இதுதான். கோதன்பர்க்கில் எங்களைப் போல் சாப்பிட்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இங்கெலாவுக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை. வயதானால் வருகிற வகை இல்லை. ஊசி இல்லாமல் அதிக நேரம் தள்ள முடியாத வகை. மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வேளையும் அவளுடைய இன்சுலின் ஊசிப் பேனாவைத் தட்டுக்குப் பக்கத்தில், முள்கரண்டி வைப்பது போல, நான்தான் எடுத்து வைப்பேன். எந்தக் கணவன் செய்வான்? அவள் சாப்பாட்டை அளந்துகொண்டிருப்பாள். நான் "ஒரு வாய்தானே" என்பேன். அவள் மறுபடி அளந்து, மறுபடி ஊசி போட்டுக்கொண்டு, அந்த ஒரு வாயைச் சாப்பிடுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

கடைசித் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் யாரும் அதை எடுப்பதில்லை. பாதியாக வெட்டுவோம். மிஞ்சியதை மறுபடி பாதியாக வெட்டுவோம். கடைசியில் நகத்தளவு கேக் தட்டில் காய்ந்து கிடக்கும், எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இங்கெலா வெட்டினால் தனக்கென்று எடுக்கும் பாதி எப்போதும் கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

அந்த வியாழக்கிழமை பட்டாணி சூப்புக்குப் பிறகு அப்பம் சுட்டேன். தட்டில் ஒன்று மிஞ்சியது. பாதியாக்கலாம் என்று கத்தியை எடுத்தேன். இங்கெலா கையை நீட்டி அதை முழுதாக எடுத்து, சுருட்டி, தின்றுவிட்டாள். விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலக் கப்பல்ல கெர்டாகிட்ட போறேன், ஆல்கொட்," என்றாள். "போனா போனதுதான். திரும்பி வரதா இல்ல."

கெர்டா அவளுடைய தங்கை. கடலுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் கீல் நகரத்தில் இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். கேட்பதுதானே முறை.

"நீ பசின்னு சொன்னா எனக்கும் பசிக்கணும். நீ நல்லாருக்குன்னு சொன்னா எனக்கும் நல்லாருக்கணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குன்னு ஒரு பசி வந்ததே இல்ல. அது எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டுச் சாகறேன்."

எனக்கு வருத்தமாக இருந்தது. கோபம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, நாளை மதியச் சாப்பாட்டை மட்டுமாவது சேர்ந்து சாப்பிடலாமா என்று கேட்டேன். அதற்கென்ன என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல இறாலாகப் பார்த்து வாங்கி வந்தேன். முன்னறையில் அவளுடைய பயணப் பை தயாராக நின்றது. பக்கப் பையின் பட்டியைப் போடவில்லை, ஊசிப் பேனாவின் நீல மூடி வெளியே தெரிந்தது. நான் மேசை விரித்தேன். இறாலோடு கடுகில் ஊறிய ஹெர்ரிங் மீன் ஒரு ஜாடி இருந்தால் நிறைவாக இருக்கும் என்று தோன்றியது. அதை அவள்தான் போடுவாள், நிலவறையில் இருக்கும். சொன்னேன்.

"கடைசி வரைக்கும் நான்தான் எடுத்துட்டு வரணுமா?" என்று சிரித்தாள். "சரிங்க மகாராஜா. இரு, வரேன்."

கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் கட்டடத்தின் அடியில் ஒரு நடை இருக்கிறது. அதில் வீட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நிலவறைகள். கருங்கல் சுவர், கனத்த கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள், அதை உள்ளிருந்து விலக்க ஒரு கைப்பிடி. உருளைக்கிழங்கும் ஜாமும் வைக்க அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது. கோடைக்கு முன்பு எல்லாக் கதவுகளின் உள்கைப்பிடிகளும் துருப்பிடித்து உடையத் தொடங்கின. நான் கட்டடச் சங்கத்தின் தலைவன். ஆளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக மாற்ற ஏற்பாடு செய்தேன். எங்கள் கதவை மட்டும் கடைசிக்கு விட்டேன். தலைவர் தன் வீட்டு வேலையை முதலில் முடித்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு வரக் கூடாதல்லவா? கடைசியில் மாட்டக் கைப்பிடி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, எங்கள் கதவு உள்கைப்பிடி இல்லாமலே இருந்தது.

ஜாடி கனம், படி செங்குத்து என்பதால் உதவலாம் என்று பின்னாலேயே இறங்கினேன். இங்கெலா எனக்கு முதுகு காட்டி நின்று மேல்தட்டில் தேடிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் முணுமுணுத்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கதவைச் சாத்தினேன். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். தாழ்ப்பாளைப் போட்டேன். மேலே வந்து இறாலை உரிக்கத் தொடங்கினேன்.

அவள் கப்பலைத் தவறவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து ஆறு தெரியும். சாயங்காலம் கப்பல் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு பாலத்துக்கு அடியில் நகர்ந்து போவதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் இங்கெலாவின் கைபேசியில் கெர்டாவின் பெயர் தெரிந்தது. பதறப் போகிறாளே என்று, கப்பலைத் தவறவிட்டேன், அடுத்ததில் வருகிறேன் என்று இங்கெலா எழுதுவது போல எழுதி அனுப்பினேன். அதில் பொய் ஏதும் இல்லை. கப்பலைத் தவறவிட்டது உண்மைதானே.

அப்போது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. கதவைத் திறந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது? அதைத்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் திறப்பது கடினமாகிக்கொண்டே போனது. தாமதமாகப் போகிறவன் வாசலில் நின்று கொண்டு கதவைத் தட்டத் தயங்குவான் இல்லையா, அப்படி. அதற்குள் அவள் ஹீட்டர் குழாயைத் தட்டத் தொடங்கியிருந்தாள். அந்தக் குழாய் நிலவறைக்குள் ஓரமாகப் போய், ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஏறி இறங்கும். ஜாடி மூடியால் தட்டினாள் போலிருக்கிறது. டிங், டிங் என்று சீராக வந்தது. உரித்த இறாலில் பாதியை ஒரு தட்டில் அவளுக்கென்று எடுத்து மூடி வைத்தேன்.

சனிக்கிழமை தூறல். மீன் கூடத்தில் கூட்டம் இல்லை. குங்குமப்பூ போட்ட சூப், மேலே சதகுப்பை இலை. கடைக்காரர் இங்கெலா எங்கே என்று விசாரித்தார். சளி என்றேன். அவளுக்குப் பிடிக்கும் என்று ஒரு டப்பாவில் சூப் ஊற்றிக் கொடுத்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். ஹாகாவில் காபி குடித்தேன். அவள் இடத்தில் என் குடையை வைத்திருந்தேன், வேறு யாரும் உட்காரக் கூடாதென்று. எப்போதும் போல நிதானமாகச் சாப்பிட முடிந்ததா என்றால், இல்லை. யாரோ என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்திருப்பது போலவே இருந்தது. எங்கே போனாலும் அந்தக் கதவுக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள், அந்த வார இறுதியில் அடைபட்டுக் கிடந்தது நான்தான்.

வீடு திரும்பியபோது துணி துவைக்கும் அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இரவு பத்து மணிக்கு மேல் குழாயைத் தட்டுபவருக்கு: இந்தக் கட்டடத்தில் மற்றவர்களும் வாழ்கிறார்கள் என்பதை அன்போடு நினைவூட்டுகிறோம்." கீழே சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தது. அதற்கும் கீழே வேறு கையெழுத்தில், "நன்றி. நானும் தூங்கவில்லை." யாரும் கீழே போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் தட்டுகிறவரை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்குமே. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் அது அடங்கும் வரை கதவுக்குப் பின்னால் காத்திருந்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். நல்ல மனிதர்கள். ஒருவர் வாழ்க்கையில் ஒருவர் தலையிடாதவர்கள்.

சூப் ஆறுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று கீழே இறங்கித் திறந்தேன். ஆமாம், திறந்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பழச்சாறு போத்தல்களில் சில காலியாகக் கிடந்தன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. எழுந்திருக்க முயன்று மறுபடி உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"தண்ணி," என்றாள். "அப்புறம் என் பை. ஆல்கொட், ஊசி போடணும். உனக்கே தெரியும்."

சூப்பை நீட்டினேன். போகாமல் இருந்துவிடுகிறேன் என்று சொல், இப்போதே மேலே போகலாம் என்றேன். ஒரு வார்த்தைதான் கேட்டேன். வாழ்நாள் முழுக்க எத்தனையோ விஷயத்தில் எனக்காகச் சரி என்று சொன்னவள். மூச்சு வாங்கிக்கொண்டே என்னை வெகுநேரம் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னிக்கும் கப்பல் இருக்கு," என்றாள்.

சூப்பைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பேனாவை எடுத்து வரத்தான் மேலே போனேன். பக்கப் பையிலிருந்து எடுத்தும் விட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு குன்வோர் தன் வாசலில் நிற்கிறாள்.

"என்ன தலைவரே, ராத்திரியெல்லாம் உங்க குழாய் கச்சேரி வைக்குது?" என்றாள். "நான் செவிடாகறதுக்குள்ள எதாவது பண்ணுங்க. இல்லன்னா அடுத்த தேர்தல்ல என் ஓட்டு வேற ஆளுக்கு."

குழாயில் காற்று அடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சரியாகிவிடும் என்றேன். எழுதி ஒட்டுங்க, எல்லாரும் நிம்மதியாயிடுவாங்க என்றாள். அவளுடைய யோசனை சரிதான். உள்ளே போய் எழுதி, தலைவர் என்று கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். திரும்பி வந்தபோது பேனா இன்னும் என் கையில் இருந்தது. உள்ளங்கைச் சூட்டில் கதகதப்பாகியிருந்தது. சூடு பட்டால் அந்த மருந்து கெட்டுவிடும். அதனால் அதைக் குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு காபி போட்டேன். காபி குடிக்கிறபோது தோன்றியது: அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும், சொன்னதும் கொண்டுபோய்க் கொடுப்போம். பேனா எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், தேட வேண்டியதில்லை.

வெண்ணெய் எடுக்கத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முட்டையும் மொறுமொறு ரொட்டியும் பழைய பாலாடைக்கட்டியும். ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டேன். குழாய்ச் சத்தம் மாறியிருந்தது. முன்பு போலச் சீராக இல்லை. ஒன்று வரும், பிறகு வெகுநேரம் வராது, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று வரும். நான் ரொட்டியைக் கடிக்காமல் காத்திருந்தேன். அந்த ரொட்டியைக் கடித்தால் வருகிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. மதியத்துக்கு மேல் இறைச்சி உருண்டை செய்தேன். இரண்டு பேருக்கு. வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோது குழாய் அடங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். அடங்கித்தான் போயிருந்தது.

அழைப்புமணி அடித்தது. குன்வோர், கையில் ஆப்பிள் கேக்கோடு நின்றாள். இன்னும் சூடாக இருந்தது.

"சொன்னபடி சரி பண்ணிட்டீங்களே தலைவரே. திங்கட்கிழமைன்னீங்க, ஞாயித்துக்கிழமையே முடிச்சிட்டீங்க. இது உங்க ரெண்டு பேருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து உருளைக்கிழங்கு எடுக்கக் கீழ வந்தேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. புருஷன் பொண்டாட்டி பேச்சு, நமக்கெதுக்குன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு சத்தமில்லாம மேல ஏறிட்டேன். நான் எதையும் கேக்கல, சரியா?"

நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன். இங்கெலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். ஓய்வெடுக்கிறாள் என்றேன்.

கேக் நன்றாக வந்திருந்தது. ஆப்பிளைத் தோலோடு போட்டிருந்தாள், வெல்லச்சர்க்கரை ஓரத்தில் உருகிப் பிடித்திருந்தது. சாயங்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். ஒரு துண்டு மிஞ்சியது. பாதியாக வெட்டினேன். அதையும் பாதியாக வெட்டினேன். மிச்சத்தை இங்கெலாவுக்கென்று தட்டு போட்டு மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் போய்த் திறந்தேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்திருந்தாள். ஒரு கை குழாயின் மேல் இருந்தது, குழாய் சூடாக இருந்தது என்பதற்காகவும் இருக்கலாம். சூப் தொடப்படாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் எடுக்க வந்த கடுகு ஹெர்ரிங் ஜாடி கதவோரம், போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ள வசதியாக, தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதை மேலே கொண்டு வந்தேன். உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் வருவதற்குள் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாமே என்று அதில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நீங்கள் வந்தபோது மேசையில் பார்த்தது அதைத்தான்.

நான் செய்தேன் என்றே எழுதுங்கள். கதவைச் சாத்தியது நான், தாழ்ப்பாள் போட்டது நான், பேனாவைக் கையில் எடுத்துவிட்டுக் கொடுக்காமல் இருந்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவளைப் பட்டினி போட்டதாக உங்கள் தாளில் ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த அறையில் ஜாம் இருந்தது, பழச்சாறு இருந்தது, மீன் இருந்தது, சூடான சூப்பும் என் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வார இறுதியில் நான் சாப்பிட்ட எதிலும் அவளுடைய பாதியை எடுத்து வைக்காமல் இருந்ததில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள், எல்லாம் மூடி வைத்தபடியே இருக்கும்.

கெர்டாவிடம் சொல்லிவிட்டீர்களா? அவள் இரண்டு நாளும் துறைமுகத்தில் வந்து நின்றிருப்பாள்.

தட்டில் ஒரு பன் மிச்சம் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, எனக்கு வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைசித் துண்டை எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.